ஆடியில் சாகாத மீன்கள்

நேற்று பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு பூக்காரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாமி படத்துக்கு என்று சொல்லித்தான் இரண்டு முழம் மல்லி கேட்டேன். அந்த அம்மா அளந்து நறுக்கிக் கொடுத்ததும், பழக்கதோஷம், கை தானாகப் பூவை மூக்கருகே கொண்டுபோய்விட்டது. "ஏன் சார், சாமிக்குன்னு கேட்டுட்டு மோந்து பாக்குறீங்க? இனி இது எந்தச் சாமிக்கு ஆகும்?" என்று அவர் போட்ட சத்தத்தில் பழனி பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மானம் போகிறதே என்று இன்னும் இரண்டு முழம் வாங்கிக்கொண்டு நடந்தேன். தெருமுனை திரும்பியதும் அதையும் மோந்து பார்த்தேன். என்ன செய்ய, சந்தேகப்புத்தி எங்கள் குடும்பச் சொத்து.

சொத்தைச் சேர்த்துவைத்தவள் என் அம்மா. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தவள், பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நாலு எட்டு நடந்து, மறுபடி வந்து இழுப்பாள். பால்காரர் ஊற்றும்போது பாலைப் பார்க்கமாட்டாள், அவர் முகத்தைப் பார்ப்பாள். அப்பா போனபிறகு அண்ணனையும் என்னையும் ஒற்றை ஆளாக வளர்த்தவளுக்கு யாரையும் நம்பி ஏமாற வசதி இருக்கவில்லை. இது இப்போது புரிகிறது. அப்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுக்காமல் மீன் தொட்டி வாங்கிவந்த உத்தம புத்திரன் நான். பைக் உதிரிபாகக் கடை ஒன்றில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் கூடத்தில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட் சாமி படங்களுக்குக் கீழே, சீரியல் பல்புக்காக வைத்தது. காற்று மோட்டாருக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை என்பதால் தொட்டியும் அங்கேயே உட்கார்ந்தது. மேலே முருகனும் மாரியம்மனும், கீழே என் கோல்டுபிஷ்கள். "சாமி கும்பிட வந்த மாதிரில்ல வரிசையா நிக்குதுக" என்று அம்மாவே சிரித்தாள்.

அந்தத் தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணமானது. அண்ணனுக்குத் திருப்பூரில் வேலை, மதினி எங்களோடு இருந்தார். நிலக்கோட்டைப் பக்கம் மல்லி போடுகிற குடும்பம். வெள்ளிக்கிழமை தவறாமல் மதினியின் அப்பா பஸ்ஸில் ஒரு பை பூ கொடுத்துவிடுவார். மதினி அதை நெருக்கமாகத் தொடுத்துப் படங்களுக்குப் போடுவார், மிச்சத்தைத் தலையில் வைத்துக்கொள்வார். அவர் வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வீட்டுக்களையே வந்தது என்பேன்.

மீன்கள் சாக ஆரம்பித்ததும் அவர் வந்த பிறகுதான்.

சும்மா சாகவில்லை அவை. பித்துப் பிடித்ததுபோல் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியில் முட்டி, கடைசியில் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. புதிதாக வாங்கி விட்டால் அவையும் அப்படியே போயின. மீன்கடைக்காரரிடம் கேட்டால், "தீனியக் குறைங்க" என்றார். வியாதி மீனைத் தலையில் கட்டுகிறாரோ என்று அவர்மேல் சந்தேகப்பட்டேன். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை அடித்ததால் நகராட்சிமேல் சந்தேகப்பட்டு, பிடித்த தண்ணீரை வாளியில் ஆறவைத்து ஊற்றினேன். கொசுவத்தியை நிறுத்தி, இரவெல்லாம் கொசுவுக்கு ரத்தம் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பெரும்பாலும் சனிக்கிழமையாகப் பார்த்துச் செத்தன. "சனி புடிச்சிருக்குடா" என்றாள் அம்மா. அப்படிச் சொல்லும்போது அவள் பார்வை அடுப்படியில் நின்ற மதினியின் முதுகில் இருந்தது.

பிறகு அது வாய்விட்டே வந்தது. "அவ காலடி வச்ச நேரம். இன்னைக்கு மீனு, நாளைக்கு என்னன்னு யாரு கண்டா?" மதினியின் காதில் விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் எது சொன்னாலும் எல்லா அறைக்கும் கேட்கும்.

நான் மட்டும் யோக்கியமா? ஒருநாள் கதவிடுக்கில் நின்று மதினியை வேவு பார்த்தேன். அவர் தொட்டியருகே குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். எட்டிப்பார்த்தால் மீன்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். "சாகாம இருங்கடி, எனக்காகவாச்சும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன கொழுந்தனாரே, போலீசு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கீகளா?" என்றார். எனக்குச் சீ என்று போய்விட்டது.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் மாதம், மதினியும் போனார். அம்மா வாசல் செம்பருத்தியைப் பறித்துப் படங்களுக்குச் செருகினாள். நான் புதிதாக மீன் வாங்கித் தொட்டியில் விட்டேன். ஒன்றுகூடச் சாகவில்லை! ஆடி முழுக்கக் கொழுகொழுவென்று வளர்ந்து நின்றன, பாவிகள். எனக்கு அவற்றைப் பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது.

"பாத்தியாடா?" என்றாள் அம்மா. "ஆவணி பெறந்ததும் அவ ஓடியாற வேணாம். கொஞ்ச நாளு அங்கனயே இருக்கட்டும்னு பக்குவமாச் சொல்லிட்டு வா." அண்ணன் போனில் அம்மா சொல்வதற்கெல்லாம் 'ம்' கொட்டுகிற ரகம். அந்தக் 'கொஞ்ச நாள்' எங்கே போய் முடியும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

போனேன். மதினியின் அப்பா வெற்றுடம்போடு, முதுகில் டேங்கைச் சுமந்து செடிகளுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி! செத்த இருங்க, இந்த வரிசைய முடிச்சிட்டு வாரேன்" என்றவர், வந்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு இளநீர் வெட்டித் தந்தார். அவ்வளவு நல்ல மனிதரிடம் நான் கொண்டுபோன சேதியை எப்படிச் சொல்வது?

மதினியே கேட்டார். "அத்தை இப்ப வர வேணாம்னு சொல்லிவிட்டாகளா?" நான் தலையைத் தொங்கப்போட்டேன். அவர் உள்ளே போய்த் தொடுத்த பூவை எடுத்துவந்து, "நாளைக்கு வெள்ளிக்கிழமை, சாமிக்குக் கொண்டு போங்க" என்று நீட்டினார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பூவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"ஐயய்யோ, சாமிப் பூவ மோக்கலாமா!"

அதுதானே விஷயம். சாமிக்கு வந்த பூவை எங்கள் வீட்டில் யாரும் மோந்ததே இல்லை. அம்மா தலையில் பூ வைப்பதை அப்பாவோடு விட்டுவிட்டாள். இப்போது மோந்தால், மல்லிக்குப் பின்னால் வேறொன்று மூக்கைக் குத்தியது.

"என்னமோ காந்துதே மதினி."

அவர் வாங்கி மோந்தார். "மல்லின்னா இப்படித்தான இருக்கும்? சின்னப்பிள்ளையில இருந்து எனக்கு இந்த வாசந்தான்."

இருவரும் தோட்டத்தைப் பார்த்தோம். டேங்க், மருந்துப் புட்டி, கொடியில் காயும் வேட்டி. மதினியின் முகம் மாறியது. "வாடாம இருக்கணும்னு தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வைப்பேனே... சொட்டுனது பூராம் தொட்டிக்குள்ளதான விழுந்திருக்கும்?" தோட்டத்தில் மோட்டார் தண்ணீர் விழும் தொட்டியிலிருந்து குஞ்சு மீன்களைக் குண்டாவில் பிடித்துவந்து, அந்தப் பூவை அதில் முக்கினார். தன் வீட்டுப் பூதான் கொன்றது என்றாகிவிட்டால் அம்மாவின் பேச்சுக்கு அதுவே சாட்சியாகிவிடும் என்று தெரிந்துதான் செய்தார். நாங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் குஞ்சுகள் சுற்ற ஆரம்பித்தன, அதே கிறுக்குச் சுற்று.

மதினிக்கு நிம்மதி வரும் என்று பார்த்தேன். அவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்ப எங்கப்பாவுக்கு?" என்றார்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்குக்கேள்வி போட்டே என்னைக் கொன்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் அவளே கிளம்பிப்போய் மதினியைக் கூட்டிவந்தாள். வரும்போது மதினியின் அப்பாவோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டு வந்தாள். "சம்மந்தி, மேலுக்கு ஒரு சட்டையாச்சும் போட்டுட்டு அடிங்க." அவர் சிரித்தாராம். "இம்புட்டு வருசமா அடிக்கிறேன், என்ன ஆயிருச்சு?" ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கென்று ஒரு வரிசைச் செடிக்கு மருந்தடிக்காமல் விட்டார். சம்பந்தி வீட்டு மீனுக்காகச் செய்தார். தனக்காகச் செய்துகொள்ளவில்லை.

சில வருடங்கள் கழித்து அவர் இழுத்து இழுத்து மூச்சுவிட்டுச் செத்துப்போனார். வந்தவர்கள் எல்லாம் வயசு என்றார்கள், பீடி என்றார்கள். அவர் பீடி குடித்து நான் பார்த்ததில்லை. அறுபதுகூட ஆகியிருக்காது. அம்மா மட்டும் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, "மனுசன் எதுனால செத்தாருன்னு ஒருத்தராச்சும் கேட்டீகளா?" என்று கத்தினாள். இழவு வீட்டில் இதென்ன பேச்சு என்று அவளை உட்காரவைத்தார்கள். மதினி வந்து அவள் மடியில் விழுந்து அழுதார். அம்மா, "என் தாயி, உன்னையப் போயிச் சந்தேகப்பட்டேனே" என்று அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்தத் தோட்டத்தில் இப்போது கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். மீன் தொட்டி எப்போதோ பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறிவிட்டது. அம்மாவும் போய்விட்டாள். எதனால் என்று அத்தனை பேர் நடுவில் எழுந்து கேட்க எங்கள் வீட்டில் இப்போது ஆளில்லை.