கடைசி வரிசையிலிருந்து காதுகுத்துக்கு

போன தை மாதம், டொரொண்டோவிலிருந்து தோஹா போகும் விமானத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது நடந்தது இது. ஓடைப்பட்டியில் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. ஒரே தாய்மாமன் நான். எனக்கு லீவு கிடைக்காமல் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போன விசேஷம். "ஏலே, இந்தத் தடவையும் நீ வரலேன்னா பெரியப்பா மகன் மடியில வச்சுக் குத்திரலாம்னு பெரியவுக சொல்றாக" என்று அக்கா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

விமானம் என்றாலே எனக்குக் கிறுக்கு. தோஹாவுக்கு ஏறக்குறைய பதினோராயிரம் கிலோமீட்டர், பதிமூன்று மணி நேரம். அங்கே மாறிக் கொச்சி. அங்கிருந்து குமுளி மலையிறங்கினால் முகூர்த்தத்துக்கு முன்னால் ஊர். அக்காவுக்குப் படமே வரைந்து அனுப்பியிருந்தேன். படத்தில் பனி இல்லை. இறக்கையில் உறைந்ததை மருந்தடித்துக் கரைத்துக் கிளம்பவே வெகு நேரமாகிவிட்டது. பின்காற்று நன்றாகத் தள்ளியும், தோஹாவில் விமானம் மாற எனக்கு அரை மணி நேரம்கூட மிஞ்சாது போலிருந்தது. அதற்கடுத்த விமானத்தில் போனால் காது குத்தி, பந்தியும் முடிந்திருக்கும்.

திரையில் தெரிந்த பாதையை நான் ஓயாமல் பார்ப்பதைக் கண்டு, பக்கத்து சீட் மலையாள நர்ஸ் அக்கா, "மோனே, நீ நோக்கினால் பிளேன் வேகம் போகுமோ?" என்றார். கம்பம் பக்கத்து ஆளுக்கு மலையாளம் புரியாதா? விஷயத்தைச் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு நிமிர்ந்தார். "அம்மாவன் இல்லாமல் காதுகுத்தோ?"

அவ்வளவுதான், எழுந்துவிட்டார். பாதி மலையாளம், பாதி இங்கிலீஷ். ஒவ்வொரு வரிசையிலும் குனிந்து, என்னைக் கைகாட்டி, தன் காது மடலைத் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொண்டே முன்னால் போனார். எனக்கு ஒரே கூச்சம். நம்பிக்கையும் இல்லை. சக்கரம் தரையைத் தொட்டதுமே எழுந்து பெட்டியை இழுக்கிற கூட்டம்தானே நாமெல்லாம்.

விமானம் நின்றது. பெல்ட் விளக்கு அணைந்தது. ஒருவரும் எழவில்லை. ஒருத்தர் மட்டும் மறந்துபோய் எழுந்தார். பின்சீட் தாடிக்காரர் சட்டையைப் பிடித்து அவரை உட்கார வைத்தார். "ரன், அங்கிள், ரன்" என்றார் ஒரு கனடாக்கார அம்மா. எனக்கு வயது இருபத்தாறு. ஓடினேன்.

கொச்சி விமானத்தின் கதவை மூடப்போகும் நேரத்தில் ஏறிவிட்டேன். பெட்டிதான் வந்து சேரவில்லை. நல்லவேளை, கம்மல் சட்டைப் பையில் இருந்தது. அத்தானின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, மருமகளை மடியில் வைத்து உட்கார்ந்தேன். அவள் போட்ட சத்தத்தில், "படத்துல போட்ட மாதிரியே வந்துட்டியேடா" என்று அக்கா சொன்னது அரைகுறையாகத்தான் கேட்டது.

அந்த நர்ஸ் அக்காவின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் இப்போதெல்லாம் விமானம் நின்றதும் நான் சட்டென்று எழுவதில்லை. பின்னால் எந்த வரிசையிலாவது யாருக்காவது ஒரு மடி, ஒரு முகூர்த்தம் காத்திருக்கலாம் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.