பாலகுரு சாரின் ஆயிரத்து அறுநூறு வரிகள்

பாலகுரு சார் போய்விட்டார். திருநெல்வேலியில், தூக்கத்திலேயே... இன்று காலை அவர் மகள் போன் செய்து சொன்னாள்.

இங்கே என் நண்பர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவரைத் தெரியாது. டெல்லியில் ஒரு அரசாங்க ஆபீஸின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ். 99-இல் நான் சேர்ந்தபோது அவர் அங்கே பத்து வருஷப் பழசு.

எங்கள் ஊழியர்களில் யாருக்கு எந்த குவார்ட்டர்ஸ் என்று மாதா மாதம் லிஸ்ட் போடும் புரோகிராம் அவர் எழுதியது. கோல் மார்க்கெட்டோ மோதி பாக்கோ, எங்கே வீடு காலியானாலும் அது சொல்வதுதான் முடிவு.

முழுவதும் ஒரே ஃபங்ஷன், அதாவது எங்கேயும் பிரிக்காத ஒரே துண்டு. ஆயிரத்து அறுநூறு வரி. if-க்குள் if, அதற்குள் இன்னொரு if... பிரிண்ட் எடுத்தால் காரிடார் முழுக்க விரிக்கலாம். ஒரு தடவை விரித்தும் பார்த்தோம்.

நடுநடுவே அவர் எழுதி வைத்த குறிப்புகள் வேறு. ஆங்கில எழுத்தில், திருநெல்வேலித் தமிழில். "இதுல கை வைக்காதே." "ரெண்டாம் மாடின்னா மறுபடி பாரு." "ஏன்னு கேக்காதே, வேணும்."

வேறு ஒருத்தராலும் அதைத் தொட முடியாது. அவர் லீவு போட்டால் லிஸ்ட் வராது.

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம், எங்கள் செக்‌ஷன் ஹெட் வர்மாஜி என்னைக் கூப்பிட்டார். "மேடம், ஆப் தோ தமிழ் ஜான்தி ஹைன் நா? இஸ்கோ சீதா கர் தீஜியே." உங்களுக்குத்தான் தமிழ் தெரியுமே, இதை நேராக்கிக் கொடுங்கள்...

எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி இருந்தது. அப்போது வயது 26, திமிர் 62.

மூன்று மாதம் உட்கார்ந்தேன். துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனி ஃபங்ஷனாக்கி, அது என்ன வேலை செய்கிறதோ அதையே பெயராக வைத்தேன். நாளைக்குப் புதிதாகச் சேர்கிறவர் படித்தாலும் புரிய வேண்டும்.

புரியாத இடம் வந்தால் அவர் மேஜைக்குப் போய் நிற்பேன். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

"சார், இந்த எண்பது வரி எதுக்கு?"

"அது வந்து... வேலையில இருக்கும்போதே புருஷன் செத்துப்போயிட்டா, அந்தம்மாவ உடனே காலி பண்ணச் சொல்லக் கூடாதுல்லா. அதுக்கு."

"அதைப் பத்து வரியில எழுதியிருக்கலாமே சார்."

"எழுதியிருக்கலாம்தான். அன்னைக்கு அந்தம்மா எதுத்தாப்ல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்துச்சு. தோணினபடி எழுதிட்டேன்."

சாயங்காலம் டீ குடிக்கப் போகும்போது, "இன்னைக்கு எத்தன பிள்ளைக்குப் பேரு வச்ச?" என்பார். நான் "நாலு சார்" என்பேன். "கெடா வெட்டலியா?" என்பார்.

ஒரு இடத்தில் நான் வரிசையை மாற்றி வைத்துவிட்டேன். அவரே எழுந்து வந்து, "சீனியாரிட்டி பாத்துட்டுத்தான் மாடியப் பாக்கணும், இல்லேன்னா லிஸ்ட்டு மொத்தமும் தப்பாயிரும்" என்று திருத்திக் கொடுத்தார். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் புரோகிராம் அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும்.

கடைசியில் எந்த ஃபங்ஷனும் ஒரு ஸ்கிரீனைத் தாண்டவில்லை. பழையது, புதியது இரண்டையும் ஓட்டினோம். லிஸ்ட் பெயருக்குப் பெயர் ஒத்துப்போனது.

வர்மாஜி திரையில் படித்துப் பார்த்தார். "அரே வாஹ், அப் தோ மே பீ சமஜ் கயா." இப்போது அவருக்கே புரிகிறதாம். செக்‌ஷன் முழுக்க லட்டு கொடுத்தார், பாலகுரு சார் இரண்டு எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவருக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர். ஜபல்பூர்.

டெஸ்பாட்ச் கிளார்க் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும். அந்த டிரான்ஸ்ஃபர் மூன்று வருஷமாக நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் 'இவர் இல்லாமல் லிஸ்ட் வராது' என்று வர்மாஜி எழுதி அனுப்புவார். இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை.

பாலகுரு சார் மகள் அப்போது ட்வெல்த். பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது, குவார்ட்டர்ஸையோ இரண்டு மாதத்தில் காலி செய்தாக வேண்டும்.

நேராக அவர் மேஜைக்குப் போனேன்.

"தெரிஞ்சேதான் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தீங்களா சார்? ஞாபகம் இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நான் எழுதினத நானே ஞாபகம் இல்லன்னு எப்படிம்மா சொல்ல?" டிராயரைக் காலி செய்துகொண்டே பேசினார். "தப்பாச் சொன்னா, ஒருத்தனுக்கு வர வேண்டிய வீடு இன்னொருத்தனுக்குப் போயிரும்."

"பாப்பா பரீட்சை?"

"இங்கன டெல்லியிலயே, ஜனக்புரில மச்சினன் வீடு இருக்கு. பெரிய வீடு. தாயும் மகளும் அங்கன இருந்துக்கிடுவாங்க. நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்க? போயி டீ சொல்லு, போ."

நம்பிவிட்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு மெசேஜ்... அவ்வளவுதான் தொடர்பு. நான் வெட்டி ஒட்டிய புரோகிராம் பல வருஷம் ஓடியது. திறந்து பார்த்தவர்கள் எல்லாம், எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று என்னைத்தான் பாராட்டினார்கள்.

இன்று மதியம், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்க அவர் மகளைத் திரும்பக் கூப்பிட்டேன். பேச்சுவாக்கில், ஜனக்புரி மாமாவுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டேன்.

"கௌன் ஸா மாமா, ஆன்ட்டி? ஜனக்புரில எங்களுக்கு யாருமே இல்லையே."

"அப்போ உன் ட்வெல்த்...?"

"அந்த வருஷம் எழுதலை. எல்லாரும் அப்பா கூடவே ஜபல்பூர் போயிட்டோம். நடுவுல எந்த ஸ்கூல்லயும் சேத்துக்கலை, அதனால ஒரு வருஷம் போச்சு. ஏன் ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை.

மன்னிச்சிடுங்க சார். போயிட்டு வாங்க.