பூத்த மூங்கிலின் கன்றுகள்

மூங்கில் பூவை என் கையால் உருவி எடுத்திருக்கிறேன். அதைப் பூ என்று சொன்னால் பார்த்திராதவர்கள் நம்பமாட்டார்கள். நிறமில்லை, மணமில்லை. உள்ளே மணியில்லாத காய்ந்த நெற்சப்பியைக் கணுக்கணுவாகக் கொத்தாக ஒட்டிவைத்தது போலிருக்கும். ஒரு காலைப்பொழுது முழுவதும் ஏணியில் நின்று அதை உருவி உரப்பையில் திணித்தேன். உமி வியர்வையில் ஒட்டிக் கழுத்தெல்லாம் அரித்தது. கீழே நின்ற இணைப்பாளர், "அந்தக் கொப்பில இன்னும் கிடக்கு, பாரும்" என்று விரலை நீட்டிக்கொண்டிருந்தார். பை நிறைந்ததும் கொளுத்தச் சொன்னார். புகை எழுந்தபோது கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்.

நாடு முழுவதும் மூங்கில் வளர்ப்பையும் மூங்கில் தொழிலையும் பரப்புவதற்கென்று ஒரு சங்கம் இருந்தது. அதன் நாற்றுமேடை ஒன்று வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கரையிலிருந்து சற்று உள்ளே, ஒரு பழைய தென்னந்தோட்டத்தில் இருந்தது. அங்கே நான் கூலியாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். நாலுபேர் கூடிய இடத்தில் சுவரோடு ஒட்டி நிற்பவன். ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. முற்றிய மூங்கிலை இரண்டு கணு வரும்படி வெட்டி, நடுவில் துளை போட்டு, உள்ளே தண்ணீர் ஊற்றி, படுக்கவைத்து மண் மூடவேண்டும். சில வாரங்களில் கணுவிலிருந்து ஊசிபோல முளை வரும். அந்த முளையைப் பார்க்கும்போது பேசத் தெரியாததெல்லாம் ஒரு குறையாக எனக்குத் தோன்றியதில்லை.

இணைப்பாளர்தான் இந்த மாவட்டத்துக்குச் சங்கத்தின் முகம். விருந்தாளிகள் வரும் நாளில் மூங்கில் குவளையில் தேநீர் குடிப்பார். "இதுதான் எங்கட எதிர்காலம்" என்று அதை உயர்த்திக் காட்டுவார். வாகனங்கள் போனதும் குவளையை என்னிடம் நீட்டி, "பூஞ்சணம் மணக்குது, கொண்டுபோம்" என்பார். பிறகு பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் வாங்கி வாயைக் கொப்பளித்துத் துப்புவார். அவர் துப்பிய இடத்தைக் கடந்துதான் நான் நாற்றுப்பாத்திக்குப் போகவேண்டும். இன்று அவரை நினைத்தால் முதலில் காதில் விழுவது அந்தக் கொப்பளிப்புச் சத்தம்தான்.

வேலை தொடங்கிய முதல் வாரத்தில் தலைமையகத்திலிருந்து ஒரு இளம் பெண் உத்தியோகத்தர் வந்து எங்களுக்குப் பயிற்சி தந்தார். எல்லாவற்றிலும் முக்கியமானது என்று அவர் ஒன்றைச் சொன்னார். இந்த இன மூங்கில் வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான் பூக்கும்; பூத்தால் சாகும். பூத்த புதரிலிருந்து துண்டு வெட்டி நடக்கூடாது. வெட்டி நட்டது புதுக் கன்றுபோல் தெரிந்தாலும் அதற்குத் தாயின் வயதுதான். அதுவும் சீக்கிரமே பூத்துச் செத்துப்போகும். இதை நான் கேட்டேன். எனக்கு முன்னால் கதிரையில் இருந்து இணைப்பாளரும் கேட்டார்.

எங்கள் நடுதுண்டுகள் எல்லாம் ஓடைக்கரையில் நின்ற ஒரே தாய்ப்புதரிலிருந்துதான் வந்தன. அந்தப் புதர் பூத்தது. சங்கத் தலைவர் கொழும்பிலிருந்து வெளிநாட்டு ஆட்களோடு வரவிருந்தார். அன்று அவர் முன்னால் கன்றுகள் கொடுபடவேண்டும். வேறிடத்திலிருந்து எடுப்பிக்க நாளில்லை. நான் துணிந்து வாயைத் திறந்தேன்.

"சேர், இது பூத்திட்டு."

"எனக்குக் கண் இல்லையா?"

"அந்த மிஸ் சொன்னவ..."

"அந்த மிஸ்ஸா உமக்கு வேலை தந்தது? பாத்தியில இருக்கிற கன்று பச்சையா இருக்கோ, இல்லையோ? வாறவங்களுக்கு அதுதான் தெரியும். பூவ மட்டும் அவங்கட கண்ணில காட்டாதயும்."

நான் ஏணியை எடுத்துவந்தேன்.

கன்று வாங்கியவர்களில் என் மச்சாளும் ஒருத்தி. என் மாமாவின் மகள். பழுகாமத்தில் இருக்கிறாள். புருஷன் இறந்தபின் வீட்டோடு சேர்ந்த மேட்டுக்காணியில் சோளமும் பயற்றையும் போட்டு மகளை வளர்த்தவள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். மகளுக்குக் கலியாணப் பேச்சு வரத் தொடங்கியிருந்தது. மூங்கில் முற்றினால் சங்கமே வந்து வெட்டிக்கொண்டு போகும், வரும் காசை வைத்துச் சுவர் எழுப்பலாம் என்பது அவள் எண்ணம். சோளத்தை விட்டுவிட்டு காணி முழுக்க மூங்கில் வைக்கப்போவதாகச் சொன்னாள்.

"நீ வேல செய்யிற இடம்தானே மச்சான். நம்பி வைக்கலாமா?" என்று கேட்டாள். நான் கைமண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். "வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா? தலையையாவது ஆட்டன்கா" என்று சிரித்தாள்.

நான் தலையை ஆட்டினேன்.

இணைப்பாளர் செய்ததை விட அந்தத் தலையாட்டல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவருக்கு அவள் யாரோ. எனக்கு அவள், சின்ன வயதில் என் பங்குப் பலகாரத்தையும் பிடுங்கித் தின்றுவிட்டு, அம்மா அடிக்க வந்தால் குறுக்கே வந்து நின்றவள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் மண் ஓடுபோலக் காயும். அவள் விடிந்ததும் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை கிணற்றில் அள்ளிக் குடத்தில் சுமந்து ஒவ்வொரு கன்றுக்கும் ஊற்றினாள். தோளில் காய்ப்பு விழுந்தது. இரண்டு வருடம் எல்லாம் பச்சையாகவே நின்றன. போகும்போதெல்லாம் எனக்குக் காட்டுவாள். நான் கன்றைப் பார்க்காமல் கணுவைத்தான் பார்ப்பேன். மூன்றாம் வருடம் இலை கொட்டியது. என் இடுப்புயரம்கூட வராத தடிகளில் அதே சப்பிக் கொத்துகள் வந்தன. ஒன்றும் மிஞ்சவில்லை.

ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கன்று செத்த கதையைச் சிலர் கேட்டபோது இணைப்பாளர் எழுந்தார். "மூங்கிலக் குற்றம் சொல்லாதீங்க. தண்ணி ஊத்தப் பஞ்சிப்பட்டு சோம்பி இருந்தா எது வளரும்? இந்தா, இந்த அம்மாட காணியப் போய்ப் பாருங்க" என்று மச்சாளைக் காட்டினார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். மச்சாள் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரோடு நின்றேன். மகளைப் பெண் பேசி வந்தவர்கள் அடுத்த ஊரில் பெண் எடுத்தார்கள். மச்சாள் தன் கைராசி சரியில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கன்றுகள் செத்ததோடு நாற்றுமேடையை மூடிவிட்டுப் போன சங்கம், போன மாதம் புதிய கன்றுகளோடு திரும்பி வந்திருக்கிறது. இணைப்பாளர் என்னைத் தேடி வந்து தோளில் கை போட்டார். "திரும்ப வாரும். உம்மப்போல அமைதியான ஆக்கள்தான் எங்களுக்கு வேணும்" என்றார். அவர் என்னைச் சரியாக அறிந்துவைத்திருந்தார்.

அங்கிருந்து நேரே மச்சாள் வீட்டுக்குப் போனேன். அவள் காணியில் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். "பேர் குடுத்திட்டன் மச்சான். இந்தமுற ஒரு நேரம் விடாம ஊத்துவன்" என்றாள். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பூத்ததை, உருவியதை, எரித்ததை, தெரிந்துகொண்டே தலையாட்டியதை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"இவ்வளவு காலம் ஏன் சொல்லல்ல?"

"வெக்கமா இருந்திச்சு."

"வெக்கமா? அத்தின பேருக்கு முன்னால என்னப் பஞ்சிக்காரி எண்டானே, எனக்கு வெக்கமில்லையா? அப்ப நீ எங்க நிண்டாய்?"

நான் நின்ற இடம் அவளுக்குத் தெரியும்.

"நாளைக்குக் கூட்டம். அங்க எழும்பிச் சொல்லு" என்றாள்.

சொன்னேன். மறுநாள் மண்டபத்தில் சுவரை விட்டு முன்னால் வந்தேன்; சொற்கள் முன்னும் பின்னுமாக வந்தன. ஆனாலும் சொல்லி முடித்தேன். இணைப்பாளர் புன்னகை மாறாமல் கேட்டுவிட்டு, "அஞ்சாம் வகுப்புப் படிச்ச ஆள் எங்களுக்கு மூங்கில் படிப்பிக்கிறார்" என்றார். சனம் சிரித்தது. என்னோடு ஒரே பாத்தியில் வேலை செய்தவர்களும் சிரித்தார்கள். அப்போது மச்சாள் எழுந்தாள். "நான் தண்ணி ஊத்தினன். அத இப்ப, இஞ்ச, உங்கட வாயால சொல்லுங்க" என்றாள். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு, கன்று வேண்டியவர்கள் வரிசைக்கு வரலாம் என்று அறிவித்தார். சனம் எழுந்து வரிசைக்குப் போனது. நான் சொன்னதைக் கேட்டவர்களும் போனார்கள்.

நாங்கள் இருவரும் வெறுங்கையோடு வெளியே வந்தோம். வயல் வரம்பில் அவள் முன்னால் நடந்தாள். என் மனதுக்குள், சொல்லிவிட்டோமே என்று ஒரு சின்ன ஆறுதல் தலைதூக்கப் பார்த்தது. அவள் திரும்பாமலே பேசினாள்.

"இண்டைக்குச் சொல்லிட்டாய் எண்டு, அண்டைக்குச் சொல்லாதது இல்லாமப் போகாது மச்சான்."

"ஓம்" என்றேன்.

வீட்டுக்குப் போனதும் அவள் மண்வெட்டியை எடுத்து, வெட்டிய குழிகளை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினாள். நான் உதவிக்குக் குனிந்தபோது, "நீ போ" என்றாள்.