வேலுத்தாய் சுமந்த கல்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் அக்கா வேலுத்தாய் பன்னிரண்டு வயதில் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவள். போடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் ஊர். திங்கட்கிழமை கோழி கூப்பிடக் கிளம்பி, ஓடையைத் தாண்டி, உவர்ப்பள்ளத்து ஓரமாக நடந்து, மொட்டைமுகட்டில் ஏறி, அந்தப் பக்கத் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது அன்றைய வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, பேர் கூப்பிடும்போது போய் நிற்பாள். சனிக்கிழமை இறங்குவாள். முப்பது வருசத்துக்கு மேல் இதுதான் அவள் சோலி. நான் போடியில் தையல் மிஷினில் உட்கார்ந்தே பிழைத்தவன், அவளைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கம்மிதான். ஆனால் கோபப்பட உரிமை உண்டு.

அந்தப் பாதையில் ஒரு வழக்கம். ஏறுகிறவர்கள் ஓடையில் ஓர் உருண்டைக் கல்லை எடுத்து மடியில் கட்டிக்கொள்ள வேண்டும். முகட்டில் இருக்கும் குவியலில் அதைப் போட்டால் கால்வலி அதோடு போய்விடுமாம். முதல்முறை ஏறுகிறவர் கல்லுக்குக் குங்குமம் உண்டு. என் கல்லும் அதில் கிடந்தது. வலி மட்டும் போகவில்லை.

எண்பத்திரண்டில் யாரோ ஒரு முதலாளி முகட்டை வாங்கி, குறுக்கே முள்கம்பி கட்டினார். அவருடைய மேனேஜர் ராமர், இங்கே பாதையே கிடையாது என்று சாதித்தார். பஸ்சில் சுற்றிப் போனால் பெரட்டு முடிந்திருக்கும். இரண்டு திங்கட்கிழமை அக்காவின் பேர் விட்டுப்போனது. இன்னும் ஒரு தடவை என்றால் பேரையே அடித்துவிடுவோம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். முப்பது வருசம் உழைத்தவளுக்கு அவ்வளவுதான் மரியாதை! அந்த வாரமே தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தோம்.

அதிகாரி கேட்டார்: "பாதைன்னு சொல்றதுக்கு என்னம்மா அத்தாட்சி?"

"கல்லுக் குமி கெடக்குங்கய்யா, ஆள் உசரத்துக்கு. வந்து பாருங்க," என்றாள் அக்கா.

பக்கத்தில் ராமர் நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழ இதைச் சொல்லலாமா? வெளியே வந்ததும் திட்டினேன். "கல்லைப் போயி யாருப்பா தூக்கப் போறா?" என்றாள். அடுத்தவன் போட்ட கல்லைத் தொடுவார்கள் என்பது அவள் புத்திக்கு எட்டாத விசயம்.

அதிகாரி ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஜீப்பிலிருந்து அவர் மட்டும் இறங்கவில்லை. சம்சாரம், இரண்டு பெண்பிள்ளைகள், எலுமிச்சம்பழச் சாதம், ஃபிளாஸ்க், விரிப்பு எல்லாம் இறங்கின. "லேசான நடைதானாமே? பிள்ளைகளுக்கும் காத்தாட இருக்கும்," என்றார். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பார்களே, அதுதான். எங்கள் வீட்டு அடுப்பு எரியுமா என்று பார்க்க வந்தவர், பொழுதுபோக்க வந்த மாதிரி வந்தார். இதில் சாப்பாட்டுத் தூக்கைத் தலையில் வைத்துக்கொண்டது யார்? எங்கள் அக்காதான்!

ஓடையில் எல்லாருக்கும் கல் எடுத்துக் கொடுத்தாள். அதிகாரி சிரித்துக்கொண்டு வேண்டாம் என்றார். அந்தம்மா மட்டும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். உவர்ப்பள்ளத்தில் காட்டுமாடு மண்ணை நக்கிப்போன தடங்களைப் பிள்ளைகள் எண்ணின. தண்ணீரை விரலால் தொட்டு, "உப்புக் கரிக்குதும்மா!" என்று குதித்தன. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை.

முகட்டில் குவியலைக் காணோம். முள்கம்பி இருந்த இடத்தில் நெஞ்சு உயரத்துக்குப் பூச்சில்லாமல் அடுக்கிய புதுக் கல்சுவர்.

"குமியா? அப்படி ஒண்ணும் இங்க இருந்ததில்லையே," என்றார் அங்கே காத்திருந்த ராமர், வாய் கூசாமல்.

அதிகாரி நோட்டைப் பிரித்தார். "அத்தாட்சி இல்லாம நான் என்னம்மா எழுத?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மலையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அப்போது அந்தம்மா முந்தானையை அவிழ்த்தார். "இந்தக் கல்லை எங்க வைக்கணும்?" என்று கேட்டவர், சுவரைப் பார்த்துவிட்டு, "இதுல எல்லாமே இதே மாதிரி உருண்டையால்ல இருக்கு!" என்றார்.

சுற்றிலும் பார்த்தேன். முகடு முழுக்கக் கூர்கூரான கருங்கல். சுவரில் மட்டும் ஓடைக் கல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள், பாவிகள்.

அக்கா எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டே போனவள் ஒரு கல்லில் கை வைத்து நின்றாள். "ஓடைக் கல்லு தன்னால மலையேறி வந்துச்சாங்கய்யா?"

"கழுதை வச்சு ஏத்துனோம்," என்றார் ராமர்.

அக்கா அந்தக் கல்லை உருவி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் குங்குமம் மங்கலாகத் தெரிந்தது.

"அப்ப கழுதைக்குக் குங்குமம் வச்சது யாருண்ணே?"

அதிகாரி கல்லைப் பார்த்தார், சம்சாரத்தைப் பார்த்தார், பிறகு எழுத ஆரம்பித்தார். அந்தம்மா தன் கல்லைக் குவியல் இருந்த இடத்தில் வைத்தார். அதன்மேல் அக்கா குங்குமக் கல்லை வைத்தாள். நான் சுவரிலிருந்து ஒன்றை உருவினேன். பிள்ளைகள் இரண்டும் ஓடி வந்து ஆளுக்கொன்று உருவின. "சார், சார்," என்று ராமர் கத்தினார். அதிகாரி நிமிரவே இல்லை.

அவர் எழுதி முடித்தபோது சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டிருந்தது. மறுநாள் பெரட்டுக்கு அக்கா அதில்தான் போனாள், மடியில் ஒரு கல்லோடு.