பக்கத்து வீட்டு அம்மா கேட்டது

எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் இத்தாலிய அம்மா தனியாக இருந்தார். வேலிக்கு மேலால் அவர் தக்காளி தருவார், நான் வடை கொடுப்பேன். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. சிரிப்போடேயே இத்தனை வருடமும் போய்விட்டது.

போன மாதம் அவருடைய மகன் வந்து அவரை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். காரில் ஏறப் போன அந்த அம்மா திரும்பி வந்து, என் கையைப் பிடித்து அழுதபடி ஏதோ கேட்டார். என் பேத்தி கல்லூரியில் துணைப்பாடமாக இத்தாலியன் படிக்கிறாள். அவளைக் கூப்பிட்டேன்.

"என்ன கேக்கிறா, பிள்ளை?"

"வீடு எண்டு சொல்லுறா. மிச்சம் விளங்கேல்லை, அம்மம்மா. இது அவையின்ர ஊர்ப்பேச்சு. எங்களுக்குப் படிப்பிக்கிறது வேற."

"அப்ப மகனைக் கேளன்."

அவள் இந்த ஊர்ப் பாஷையான பிரெஞ்சில் கேட்டாள். மகன் கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி ஏதோ சொன்னார்.

"சும்மா புலம்புறாவாம். பெரிசா எடுக்க வேண்டாமாம்."

அந்த அம்மா கையை விடவில்லை. வேறு வழி தெரியாமல் ஓம் என்று தலையாட்டினேன். அவர் முகம் தெளிந்தது. என்னை இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டுக் காரில் ஏறினார்.

எதைச் செய்வதாக ஒத்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியாது. அந்த இல்லத்துக்குப் போய்க் கேட்டாலும் அவர் சொல்வது எனக்கு விளங்கப்போவதில்லை.