மணிக்கட்டைப் பிடித்து இழுத்த நாட்கள்

என் மகள் என்னை அப்பா என்று கூப்பிட்டதில்லை. ஆனால் மூன்று வயது வரை, எது வேண்டுமென்றாலும் என் மணிக்கட்டைத்தான் பிடிப்பாள். முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போவாள். பால் வேண்டுமென்றால் என் கையைத் தூக்கி ஃபிரிட்ஜின் பிடியில் வைப்பாள். ஃபேன் வேண்டுமென்றால் சுவிட்ச் பக்கம் தள்ளுவாள். காரியம் முடிந்ததும், திருகி முடித்த ஸ்பேனரைப் போடுவதுபோல, கையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவாள்.

ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்ன அன்றே, ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் கச்சிபௌலிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன். நான் அப்படித்தான். புதிதாக எது வந்தாலும் ஒரு வாரத்தில் கரைத்துக் குடித்துவிட வேண்டும். மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. கண்டுபிடி, எழுது, சரிசெய், மறுபடி பார். மகளுக்கும் அதே முறையில் கம்ப்யூட்டரில் ஒரு ஷீட் போட்டேன். அதன் நான்காவது வரி: பெரியவர்களின் கையைக் கருவியாகப் பயன்படுத்துகிறாள். நான் படித்த இடத்தில் அது ஓர் அறிகுறியாகப் போட்டிருந்தது. கருவி என்ற சொல் சுருக்கென்று தைத்தது. அப்படியானால் அவளுக்கு நான் அப்பா இல்லையா, வெறும் கைதானா?

ஸ்பீச் தெரபிஸ்ட் அவளுக்குப் படக் கார்டுகளைப் பழக்கினார். தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர் படத்தை எடுத்து வந்து கொடுக்க வேண்டும், பிஸ்கட் என்றால் பிஸ்கட் படம். நல்ல முறை. இன்றும் அவளுடைய பேச்சு அதுதான். ஆனால் கார்டைக் கொடுக்கப் பழக்குங்கள் என்று மட்டும்தான் அவர் சொன்னார். கையைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லவே இல்லை. அது நான் சேர்த்துக்கொண்டது.

அவள் மணிக்கட்டைத் தொட வந்தால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். கார்டுகள் ஒட்டிய பலகையை முகவாயால் காட்டுவேன். முதல் வாரம் தரையில் படுத்து உதைத்து அழுதாள். என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கொடுத்துத் தொலையேன், கை என்ன தேஞ்சா போயிடும்?" என்றாள். ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் எல்லாம் வீண் என்று நான் விளக்கம் சொன்னேன். விளக்கம் என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும்.

இரண்டு மாதத்தில் கார்டு என் மடிக்கு வந்தது. நான் குதித்தேன். சரியாகிவிட்டது என்று ஷீட்டில் நான்காவது வரியைப் பச்சையாக்கினேன். அதற்குப் பிறகு அவள் என் கையைத் தொடவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை. பச்சையான வரியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

செகந்திராபாத்தில் ஒரு சர்ச் ஹாலில் மாதம் ஒரு சனிக்கிழமை ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் கூடுவோம். தெலுங்கு, ஹிந்தி, தமிழ் எல்லாம் ஒரே வாக்கியத்தில் ஓடும். எந்தப் பள்ளியில் சேர்த்துக்கொள்கிறார்கள், மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு எங்கே போய் நிற்க வேண்டும் என்று தகவல் பொறுக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். நோட்டு நிறைய எழுதுவேன். கேட்டவர்களுக்கு உடனே சொல்லவும் செய்வேன்.

போன வருடம் ஒரு கூட்டத்தில், குஷாய்குடாவிலிருந்து வரும் ஓர் அப்பா எட்டு வயது மகனைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். என் வயதுக்காரர், மூன்று தலைமுறையாக இந்த ஊர்த் தமிழர்.

"என் கைதான் பா அவனுக்கு கிரேன். கடைக்குப் போனா தூக்கி மேல் ஷெல்ஃப்ல வைக்கிறான். நக்கோ, வேணாம்டான்னா இன்னும் இறுக்கிப் புடிக்கிறான். தோள்பட்டை ஒருநாள் கழண்டு வரும் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். மணிக்கட்டைச் சுற்றி நகக் கீறல்கள், பழையதும் புதியதுமாக. நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். வாட்ச் மட்டும் இருந்தது. பொறாமையாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு கீறலுக்காக அந்த மனிதர்மேல் எரிச்சல்பட்டேன்.

"உன் பொண்ணும் இழுப்பாளா?" என்றார்.

"இழுப்பா. நான் நிறுத்திட்டேன்."

"ஹவ்? நிஜமாவா? எப்படிப் பா நிறுத்தின? எனக்கும் சொல்லேன்." ஆர்வமாக நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முறை முழுவதும் எனக்கு மனப்பாடம்.

"வேணாங்க," என்றேன். "இழுக்கட்டும். விடுங்க."

மகள் இப்போதெல்லாம் என் கையைத் தொடுவதே இல்லை என்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "என் கைய இப்பவும் புடிச்சிட்டுதான் போறா. நீ ஆபீஸ் போனதுக்கு அப்புறம்," என்றாள். "சொன்னா அதுக்கும் ஒரு விளக்கம் சொல்லுவ."

ஆக, மகள் அந்தப் பழக்கத்தை மறக்கவில்லை. என்னிடம் மட்டும் விட்டிருக்கிறாள்.

தெரபிஸ்ட்டிடம் போய், இதைத் திரும்ப வரவழைக்க முடியுமா என்று கேட்டேன். கார்டுகள் அவளுடைய சொத்து, அதில் கை வைக்காதீர்கள் என்றார். கையும் பேச்சுதான், கார்டும் பேச்சுதான், இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள் என்றார். பழக்க வேண்டாம், பக்கத்தில் இருங்கள், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே, அவள் பக்கத்தில் எத்தனை நிமிடம் இருந்தேன் என்று குறிக்க ஒரு புது ஷீட் திறந்தேன். மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இதுக்குமா?" என்றாள். அழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாஷிங் மெஷின் சுற்றும்போது மகள் அதன் கண்ணாடிக் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிடுவாள். துணி துவைத்து முடியும் வரை அசையமாட்டாள். நானும் போய் உட்கார ஆரம்பித்தேன். ஃபோன் இல்லாமல், பேசாமல், கையைத் தரையில் வைத்துக்கொண்டு. எனக்கு அது லேசுப்பட்ட காரியம் இல்லை. கால் தானாக ஆடும்.

எத்தனையோ ஞாயிறுகள் ஒன்றும் நடக்கவில்லை. சென்ற வாரம், டிரம் வேகமெடுத்த நேரத்தில், அவள் பாதம் நகர்ந்து வந்து என் விரல்கள்மேல் நின்றது. தரை குளிர்ந்து கிடந்ததால் இருக்கலாம். அவளுக்கு அது கை என்றுகூடத் தோன்றியிருக்காது. சின்னக் குதிகால், ஈரமாக, கனமாக இருந்தது. விரல்கள் மரத்துப்போயின. நான் எடுக்கவில்லை.

டிரம் நின்றது. அவள் எழுந்து போய்ப் பலகையிலிருந்து தண்ணீர் கார்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். நான் எழுந்தேன். எழுந்தும் உடனே நடக்காமல், மணிக்கட்டை அவள் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அவள் அதற்குள் ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்றிருந்தாள், கதவையே பார்த்துக்கொண்டு.