மெஷின் மாமா வாசகர் தேடிய கதை

என் அக்கா புருஷன் வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் கடலைப் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் வாஷிங் மெஷினுக்குள் சுற்றுகிற தண்ணீர்தான். அப்படிப்பட்டவர் கப்பலைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். புயலை எப்படி எழுதினீர்கள் என்று கேட்டால், "டிரம் ஃபுல் ஸ்பீடுல சுத்துறப்போ கண்ணாடி வழியா உத்துப் பாரு, தெரியும்" என்பார். நானும் உற்றுப் பார்த்தேன். ஒரு போர்வையும் இரண்டு காலுறைகளும்தான் தெரிந்தன.

மாமாவுக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர் தொழில். வீட்டுக்குக் கீழேயே கடை. முன்பக்கம் கவுன்டரில் உட்கார்ந்து போன் எடுப்பதும், "இன்னும் வரலையா?" என்று கத்துகிறவர்களிடம் பதிலுக்குக் கத்துவதும் என் வேலை. இரண்டாவதற்கு நான் பிறவியிலேயே பொருத்தமானவள். பின்பக்கம் கழற்றிப் போட்ட மோட்டார்களுக்கும் ரப்பர் குழாய்களுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்துதான் மாமா எழுதுவார். கிரீஸ் கையோடு எழுதுவதால் பக்கத்துக்குப் பக்கம் அவர் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கும். என்றைக்காவது திருட்டு வழக்கில் மாட்டினால் போலீஸுக்கு வேறு சாட்சியே வேண்டாம், நாவல் போதும்.

எழுதி முடித்துவிட்டார். படிப்பதற்கு ஆள் வேண்டுமே?

முதலில் அக்காவிடம் கொடுத்தார். மூன்றாவது பக்கத்தில் தூங்கிப் போனாள். அவளைக் குறை சொல்ல முடியாது, மருந்துச் சீட்டைப் படித்தாலும் அவளுக்கு அதேதான் நடக்கும். அடுத்து நான். மாமா எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தை அசைக்காமல் எத்தனை பக்கம்தான் படிக்க முடியும்? கடைசியில் உள்ளதைச் சொன்னேன். "மாமா, இந்தக் கேப்டன் பொய் சொல்ல மாட்டேங்கறான், கோபப்பட மாட்டேங்கறான், யாரையும் திட்ட மாட்டேங்கறான். இப்படி ஒருத்தன் எங்க இருக்கான்னு சொல்லுங்க, நாளைக்கே கட்டிக்கறேன்." இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

பிறகு வாடிக்கையாளர்களைப் பிடித்தார். ரிப்பேர் முடிந்ததும் மெஷினில் துணி போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அது முடியும்வரை மாமாவும் நகர முடியாது, வீட்டுக்காரரும் நகர முடியாது. அந்த நேரத்தில் பையிலிருந்து ஒரு அத்தியாயத்தை உருவி, "சும்மா பாருங்களேன்" என்று நீட்டுவார். பார்த்தவர்கள் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். கையில் ஸ்பேனரோடு நிற்கிறவரிடம், அதுவும் மெஷின் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது, யார் குறை சொல்வார்கள்? ஒரு பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிப் படித்துவிட்டு, "அந்தக் கேப்டன் பையன் நல்லா வருவான் பாருங்க" என்றாராம். அந்த அத்தியாயத்தில்தான் கேப்டன் மூழ்கிச் சாகிறான்.

அன்று சாப்பிடும்போது மாமா மெதுவாகச் சொன்னார். "வீட்டு ஆளுங்க சொன்னா பாசம். கஸ்டமர் சொன்னா பயம். ரெண்டும் இல்லாத ஒரே ஒரு ஆளு, யாரும் கட்டாயப்படுத்தாம, கடைசிப் பக்கம் வரைக்கும் போயிருந்தாப் போதும். அது நடக்கலன்னா இதக் காயலான் கடையில போட்டுட்டு வேலையப் பாக்கறேன்."

அக்கா சோற்றில் வைத்த கையோடு என்னைப் பார்த்தாள். மாமா எழுதாத நாட்களில் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கை சும்மா இருக்காது, கெட்டுப் போகாத பொருளையெல்லாம் கழற்றிவிடுவார். எழுதும்போது மட்டும்தான் வீட்டில் மிக்ஸி ஓடும், மனுஷனும் தனக்குள் சிரித்துக்கொண்டு திரிவார். அந்தச் சிரிப்பு போய்விடக் கூடாதே என்றுதான் எங்களுக்குக் கவலை.

கடைக் கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டும் யோசனை என்னுடையது. "கதை எழுதுபவரா நீங்கள்? என் நாவலை நீங்கள் படியுங்கள், உங்கள் நாவலை நான் படிக்கிறேன். புகழ வேண்டாம்" என்று மாமா எழுதிக் கொடுத்தார், நான் ஒட்டினேன். முதலில் வந்த ஒரு கவிஞர் தன் கவிதைத் தாள்கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, மாமா தன் நாவல் கட்டை நீட்டுவதற்குள் பஸ் பிடிக்க ஓடிவிட்டார். அடுத்து வந்தவர் எழுதவே ஆரம்பிக்கவில்லை. இனிமேல் எழுதப்போகும் நாவலின் கதையைக் கவுன்டரில் சாய்ந்துகொண்டு என்னிடமே சொன்னார். நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன், மறுமுனையில் யாரும் இல்லாவிட்டாலும்.

பிறகுதான் எக்ஸ்ரே மேடம் வந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். அக்காவைவிடக் கொஞ்சம் மூத்தவர், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. மெஷினில் தண்ணீர் வடியவில்லை என்று சொல்ல வந்தவர், கண்ணாடியில் இருந்ததைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து, தண்ணீரை மறந்துவிட்டு, "எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றார். ஏதோ வியாதியைச் சொல்வது போல அவ்வளவு தணிந்த குரலில் சொன்னார்.

அவருடையது கொலைக் கதை. ஒரே குடியிருப்பில் வரிசையாக ஆட்கள் செத்துக்கொண்டே இருப்பார்கள். அவர் வீட்டுக்காரர் படித்துவிட்டு அன்றிலிருந்து அவர் கையால் காபி வாங்கிக் குடிக்கத் தயங்குகிறாராம். அதனால் அவருக்கும் வெளியாள்தான் தேவைப்பட்டது.

எப்படிக் கருத்துச் சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. மேடம்தான் வழி சொன்னார். "எக்ஸ்ரேல என்ன வியாதின்னு நான் சொல்றதில்ல சார். எங்க உடைஞ்சிருக்குன்னு காட்டுறதோட சரி. அதே மாதிரி செய்வோம். படிச்சிட்டே வரோம், எந்த இடத்துல கீழ வெச்சிட்டு எழுந்து போறோமோ அங்க பென்சில்ல ஒரு பெருக்கல் குறி. வேற ஒரு வார்த்தை எழுத வேணாம். கதை எங்க தொய்யுதுன்னு குறியே சொல்லிடும்."

மாமா முகம் பல்பு போட்ட மாதிரி ஆனது. கட்டுகள் கை மாறின. இரண்டு பேரும் படித்து முடிக்கும்வரை போன் கூடாது, விசாரிப்பு கூடாது என்று மேடம் சொல்ல, இருவரும் சத்தியம் செய்யாத குறைதான்.

மாமா அந்தக் கொலைக் கதையைப் படித்த அழகை நான் சொல்லியே ஆக வேண்டும். வண்டியில், ஸ்டூலில், மாடிப்படியில், எங்கே இடம் கிடைத்தாலும் படித்தார். காதில் பென்சில். நான் "மாமா, போன்" என்று கூப்பிட்டால் ஒரு குறி. அக்கா சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு குறி. பால் பொங்கி, அடுப்பை அணைக்க ஓடியதற்கும் ஒரு குறி. "நீங்களா எழுந்து போகல, நாங்கதான கூப்பிட்டோம்? அதுக்கு எதுக்குக் குறி?" என்று கேட்டேன். "மெஷின் நின்னா நின்னதுதான். ஏன் நின்னுச்சுங்கறது அடுத்த கேள்வி" என்றார். நேர்மை என்றால் அப்படியொரு நேர்மை. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பக் கொடுக்கும் நாளும் வந்தது. மேடம் வேலைக்குப் போகிற அவசரத்தில் வந்து, கட்டைக் கொடுத்து, தன் கட்டை வாங்கிக்கொண்டு பறந்தார். மாமா கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து பிரித்தார். முதல் பக்கத்தில் குறி இல்லை. ஐந்தாம் பக்கத்தில் இல்லை. முகத்தில் சிரிப்பு. இருபது, ஐம்பது என்று புரட்டப் புரட்டச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கடைசிப் பக்கம்வரை ஒரு பென்சில் கோடுகூட இல்லை. கட்டு கொடுத்த மாதிரியே இருந்தது.

"பிரிக்கவே இல்ல போலிருக்கு" என்றார்.

நாவலை ஒரு பழைய பெல்ட்டால் கட்டி, காயலான் கடைக்குப் போக வேண்டிய அட்டைப்பெட்டிக் குவியல்மேல் வைத்தார். பிறகு மாடிக்குப் போய், நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தார்.

தெரியாதவர் என்றால் போகட்டும், சத்தியம் செய்யாத குறையாக வாங்கிப் போனவர், பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுப்பதா? கவுன்டரைப் பூட்டினேன். நேராக ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே அறை வாசலில் கையில் கட்டுப் போட்ட ஒருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. தன் நாவல் கட்டைக் கையில் பிடித்தபடி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த மேடத்தைப் பார்த்ததும் ஆரம்பித்தேன்.

"படிக்கப் பிடிக்கலன்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம். எங்க மாமா மனசு..."

"யாரு மனசு?" மேடம் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உங்க மாமா பக்கத்துக்குப் பக்கம் எழுந்து போயிருக்காரு! சமையலறையில பொணம் கெடக்குது, அந்த இடத்துல எழுந்து போயிருக்காரு! கொலைகாரன் யாருன்னு சொல்ற வரிக்கு நடுவுல எழுந்து போயிருக்காரு! மனுஷனா அவரு?" சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் அழுதிருப்பார்.

அவர் கையிலிருந்த கட்டை வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மேடம், சமையலறைப் பொணத்துக்கிட்ட இருக்கே, இது பால் பொங்கின குறி. இது நான் போன்னு கூப்பிட்டது. இது எங்க அக்கா சாப்பிடக் கூப்பிட்டது. கொலைகாரன் பேரு வர்ற இடத்துல நான் நாலு தடவ கூப்பிட்டும் வரல. நான் பேப்பர புடுங்கின பிறகுதான் எழுந்தாரு. அதுக்கும் குறி போட்டாரு பாருங்க, அந்த அரிச்சந்திரன்."

மேடம் என்னையே பார்த்தார். "அப்போ அவருக்குப் பிடிச்சிருந்துதா?"

"பிடிச்சுதாவா? அன்னியிலருந்து எந்தக் குடியிருப்புக்கு ரிப்பேருக்குப் போனாலும் கீழ்த்தளத்துக்குத் தனியா இறங்க மாட்டேங்கறாரு. வாட்ச்மேனத் துணைக்குக் கூப்பிடுறாரு. அது இருக்கட்டும், நீங்க ஏன் ஒரு குறிகூடப் போடல?"

"எங்கேம்மா போடுறது?" என்றார் அவர். "லீவு நாளுன்னு காலையில எடுத்தேன். கீழ வெச்சாத்தான குறி? வைக்கவே இல்லையே நான்."

நாவலை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கையில் கட்டுப் போட்டிருந்தவர் குறுக்கே புகுந்தார். "அந்தக் கொலைகாரன் யாருங்க?" என்றார். மேடம் அவரை உள்ளே கூட்டிப்போய்ப் படம் எடுத்து அனுப்பினார், பதில் மட்டும் சொல்லவில்லை.

வேலை முடிந்ததும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னோடு வந்தார். மாமா கடைக்குப் பின்னால் ஃபேன் பாகங்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தில் நின்று, "எங்கயாவது ஒரு திருகாணி மிஞ்சினா நடக்கறதே வேற" என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். மேடம் யாரையும் பார்க்கவில்லை. நேராக அட்டைப்பெட்டிக் குவியலுக்குப் போய், கட்டை எடுத்து, மேலே இருந்த தூசியைக் கோட்டிலேயே துடைத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்தார்.

"சார், இது என்ன அநியாயம்? கப்பல் சமையல்காரன் இத்தனை வருஷம் கழிச்சு பொண்டாட்டி இருக்கற வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு, ஏன் கதவத் தட்டாமத் திரும்பிப் போறான்?"

மாமா நிமிர்ந்தார். திருப்புளி கையிலேயே நின்றது.

"தட்டினா அவ திறப்பாளான்னு அவனுக்குத் தெரியலையே மேடம்" என்றார், பயந்துபோன குரலில்.

"அவ திறந்திருப்பா! ராத்திரி எல்லாம் விளக்க அணைக்காம வெச்சிருக்கான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வாசல்ல நிக்கிறவனுக்கு அது தெரியாதா? கப்பல்ல அத்தன புயலுக்குப் பயப்படாதவன் ஒரு கதவுக்குப் பயப்படுவானா? என்னால ஒத்துக்கவே முடியாது. அன்னிக்கு முழுக்க எனக்கு எரிச்சல். யாருகிட்டயாவது சண்ட போடணும் போல இருந்துச்சு. பேசக் கூடாதுன்னு நானே சொல்லித் தொலைச்சுட்டேன்."

மாமா அப்படியே உட்கார்ந்திருந்தார். இல்லாத ஒரு சமையல்காரனுக்காக, இல்லாத ஒரு கதவின் முன்னால், ஒரு மனுஷி மூச்சு வாங்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மாமாவின் கண்ணில் தண்ணீர் நின்றது, முகம் முழுக்கச் சிரிப்பு. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நானும் அழுதேன்.

"சிரிக்காதீங்க சார். நான் திட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார் மேடம்.

முன்னால் போன் அடித்தது. நான் எடுக்கப் போனேன். மாமா கையை நீட்டி, எடுக்காதே என்று தடுத்தார். பிறகு ஃபேன் இறக்கைகளை ஒதுக்கிவிட்டு, தன் ஸ்டூலை மேடத்தின் பக்கம் நகர்த்தினார்.

"உக்காந்து திட்டுங்க மேடம்" என்றார்.